தலைக்காயத்திற்குப் பின் வீடு திரும்பியவரும் அவர் குடும்பமும்

தலையில் அடிபட்டு, பெரியாஸ்பத்திரியில் பல நாள் நினைவில்லாமல் கிடந்த ஒருவர் பிழைத்து வீட்டுக்கு வந்தார் என்றால் தெருவே கூடி வந்து பார்க்கும். "உசுரு பொழச்சதே சாமி புண்ணியம்" என்பார்கள். பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வந்து குவியும். ஒரு மாதம் போனால் வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள். அப்போது அந்த வீட்டில் யாரோ ஒருவர், பெரும்பாலும் மனைவியோ தாயோ, இராத்திரித் தூக்கம் இல்லாமல் கண் சிவந்து நிற்பார். கிராம சுகாதார செவிலியரிடம் மெல்லச் சொல்வார்: "இவரு பழைய ஆளே இல்லைங்க. எதுக்கெடுத்தாலும் கத்துறாரு. என்னால முடியலைங்க."

இந்தப் பிரசுரம் அந்த வீட்டாருக்காக எழுதப்பட்டது. அறுவைச் சிகிச்சையும் மருந்தும் மருத்துவமனையில் நடக்கும். உட்கார, பேச, உண்ண, ஒரு வேலை செய்ய மறுபடி கற்றுக்கொள்வது பெரும்பாலும் வீட்டில்தான் நடக்கும். அதற்கு இரண்டு செய்திகள் முக்கியம். காயத்தால் வந்த மாற்றத்தைக் குணக்கேடு என்று எண்ண வேண்டாம். கவனிக்கும் வேலையை ஒரே ஆள் தலையில் கட்ட வேண்டாம்.

நம் பக்கத்தில் இது எப்படி நேருகிறது?

திண்டுக்கல் பெருஞ்சாலைகள் கூடும் ஊர். மதுரை, கரூர், திருச்சி, பழனி, தேனி எனப் பல பக்கத்துச் சாலைகளும் இங்கே வந்து சேருகின்றன. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு விடியுமுன் போகும் வண்டிகள், மில் ஷிஃப்ட் முடிந்து இரவில் திரும்பும் மோட்டார் சைக்கிள்கள், பழனிக்குச் சாலையோரம் நடந்து போகும் பாதயாத்திரைக் கூட்டம், எல்லாம் ஒரே சாலையில்தான். தென்னை மரத்திலிருந்தும், கட்டட வேலையில் சாரத்திலிருந்தும் விழுகிறவர்கள் உண்டு. வயதானவர்கள் குளியலறையில் வழுக்கி விழுவதும் உண்டு. வயதானவருக்குச் சின்ன அடிதானே என்று விட்டுவிட்டால், சில வாரம் கழித்துக்கூட மண்டைக்குள் மெல்ல இரத்தம் கட்டித் தடுமாற்றமும் குழப்பமும் வரலாம்.

சரியாக வார் மாட்டிய ஹெல்மெட் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்குத் தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பை ஏறத்தாழ 69 சதவீதமும், உயிர் போகும் வாய்ப்பை 42 சதவீதமும் குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துக் கண்டிருக்கிறார்கள். பெட்ரோல் டாங்கின் மேல் வைத்த ஹெல்மெட் யாரையும் காப்பதில்லை. ஒருவர் அடிபட்ட வீட்டில் மற்றவர்களாவது இன்றே இந்தப் பழக்கத்துக்கு வர வேண்டும்.

மூளையில் என்ன நடக்கிறது?

மூளை மிக மென்மையானது. கெட்டியான மண்டை ஓட்டுக்குள் இருக்கிறது. வேகமாகப் போகும் தலை சட்டென்று மோதி நிற்கும்போது, உள்ளே இருக்கும் மூளை ஓட்டில் மோதிக் கன்றிப்போகிறது. நரம்பு இழைகள் இழுபட்டு அறுகின்றன. பிறகு இரத்தக் கட்டும் வீக்கமும் சேர்ந்து மூளையை அழுத்துகின்றன. மண்டை ஓட்டிற்கு விரிந்து கொடுக்கத் தெரியாது. அதனால்தான் சிலருக்கு மருத்துவர்கள் ஓட்டின் ஒரு துண்டைத் தற்காலிகமாக எடுத்து, வீக்கத்திற்கு இடம் கொடுக்கிறார்கள்.

மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் வலது கை கால் பலம் குறையும். பலருக்குப் பேச்சும் போகும். வலப்பக்கம் அடிபட்டால் இடது கை கால் பாதிக்கப்படும். சிலர் தம் இடப்பக்கம் இருக்கும் பொருளையே கவனிக்க மாட்டார்கள். தட்டில் பாதிச் சோற்றை அப்படியே விட்டுவிடுவார்கள். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைதான் கோபத்தை அடக்குவது, யோசித்துச் செய்வது, எதையும் தானாகத் தொடங்குவது ஆகியவற்றைப் பார்த்துக்கொள்கிறது. அங்கே அடிபட்டவர் கைகால் நன்றாக இருந்தும் ஆளே மாறினது போல் தெரிவார். வெளியில் இருந்து பார்ப்பவர்கள் "நல்லாத்தானே இருக்காரு, திமிரு" என்பார்கள். அது திமிர் அல்ல, காயம்.

இதற்கு மருத்துவ உலகம் நன்கறிந்த ஓர் உதாரணம் உண்டு. 1848 செப்டம்பரில் அமெரிக்காவில் ரயில் பாதைக்குப் பாறை உடைக்கும் வேலையில் மேஸ்திரியாக இருந்த பினியஸ் கேஜ் என்பவரின் முன்மூளையை ஓர் இரும்புக் கம்பி துளைத்துக்கொண்டு வெளியேறியது. பிழைத்துவிட்டார். நடந்தார், பேசினார். ஆனால் பொறுப்பான மேஸ்திரியாக இருந்தவர் முன்கோபியாக, சொல் கேளாதவராக மாறிவிட்டார். பழைய வேலையில் மறுபடி சேர்த்துக்கொள்ளவில்லை. இதை மட்டும் சொல்லிப் பலர் நிறுத்திவிடுவார்கள். அதன் பிறகு அவர் சில ஆண்டுகள் சிலி நாட்டில் பயணிகள் குதிரைவண்டி ஓட்டிப் பிழைத்தார் என்பதும் உண்மை. தினமும் ஒரே நேரம், ஒரே பாதை, ஒரே வேலை என்ற ஒழுங்கு அவரை நிலைக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். நம் வீட்டுக்கும் அதுவே வழி.

எவ்வளவு நாள் ஆகும்?

"எப்ப சரியாகும்?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. டிஸ்சார்ஜ் சீட்டில் ஜி.சி.எஸ். என்று ஓர் எண் இருக்கும். கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது ஆகிய மூன்றையும் பார்த்துப் போடும் மதிப்பெண் அது. 1974இல் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் வகுத்த முறை. மொத்தம் 15. மிகக் குறைந்தது 3. எட்டும் அதற்குக் கீழும் இருந்தால் கடுமையான காயம் என்று பொருள். தேறும் வேகம் இந்த எண்ணோடு வயது, காயம்பட்ட இடம், நினைவு திரும்ப ஆன நாட்கள் ஆகியவற்றையும் பொறுத்தது.

பொதுவாக முதல் ஆறு மாதம் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகு மெதுவாகும், ஆனால் நின்றுவிடாது. இரண்டு ஆண்டு வரையிலும், சிலருக்கு அதற்குப் பிறகும் தேறுதல் உண்டு. வழியும் நேராக இருக்காது. கண் திறந்தும் நம்மைப் பார்க்காமல் ஒரு காலம். பிறகு புரண்டு கத்தி, குழாயைப் பிடுங்கும் ஒரு காலம். இதைக் கண்டு வீட்டார் பயப்படுவார்கள். பலருக்கு இது விழிப்பு வருவதன் அடையாளமே. பிறகு பேசினாலும் நேற்று நடந்தது மறந்துபோகும் காலம். இந்தப் படிகளைத் தெரிந்து வைத்திருந்தால் மனம் தளராது.

பழையபடி முழுக்க ஆகிவிடுவார் என்று யாரும் சத்தியம் செய்து தர முடியாது. சிலர் முழுவதும் தேறுவார்கள். சிலருக்குக் குறை நிற்கும். போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். அடிபடுவதற்கு முன்பிருந்த ஆளோடு தினமும் ஒப்பிட்டால் உங்களுக்கும் வேதனை, அவருக்கும் வேதனை.

முதல் மாதங்களில் உடம்பைக் காப்பது

1. புரட்டிப் படுக்க வைத்தல். தானாக அசைய முடியாதவரை இரண்டு மணிக்கு ஒரு முறை பக்கம் மாற்றுங்கள். இடுப்பு, புட்டம், குதிகால் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். சிவப்புதான் படுக்கைப் புண்ணின் தொடக்கம். சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். அழுத்தம் படாமல் வையுங்கள். துணி ஈரமாக இருக்கக் கூடாது.

2. உணவு. மருத்துவர் வாய் வழியாகக் கொடுக்கலாம் என்று சொல்லும் வரை ஒரு சொட்டு இளநீர்கூட வாயில் ஊற்றாதீர்கள். விழுங்கும் சக்தி குறைந்தவருக்கு அது நுரையீரலுக்குள் போய்ச் சளிக் காய்ச்சலை உண்டாக்கும். மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கும்போதும் தலையையும் முதுகையும் உயர்த்தி வையுங்கள். கொடுத்த பின் அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். வாயால் சாப்பிடத் தொடங்கும்போது தண்ணீரைவிடக் கெட்டியான கூழும் குழைந்த சோறும் விழுங்க எளிது. சிறு கரண்டி, ஒரு வாய், விழுங்கியதைப் பார்த்து அடுத்த வாய். இருமினாலோ, குரல் நீர் கோர்த்தது போல் கேட்டாலோ நிறுத்திவிடுங்கள்.

3. கை கால் மூட்டுகள். பிசியோதெரபி செய்பவர் காட்டிக் கொடுத்தபடி எல்லா மூட்டுகளையும் தினமும் மெதுவாக மடக்கி நீட்டுங்கள். எண்ணெய் போட்டுப் பலமாக நீவுவது, விறைத்த கையைப் பிடித்து இழுப்பது கூடாது. பலமில்லாத கையைப் பிடித்துத் தூக்கினால் தோள் மூட்டு நழுவும்.

4. ஓடு எடுத்த இடம். அந்த இடத்தில் தோலுக்குக் கீழே எலும்பு இல்லை. அந்தப் பக்கம் சாய்த்துப் படுக்க வைக்காதீர்கள். நடக்கத் தொடங்கினால் மருத்துவர் சொன்னபடி தலைக்குக் காப்பு போடுங்கள். எடுத்த எலும்பைச் சில சமயம் வயிற்றுத் தோலின் அடியில் வைத்துத் தைத்திருப்பார்கள். அங்கே கை பட்டுப் பயப்பட வேண்டாம். மறுபடி பொருத்த எந்த மாதம் வர வேண்டும் என்று கேட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

5. வலிப்பு. வலிப்பு மாத்திரை கொடுத்திருந்தால் ஒரு வேளையும் தவற விடாதீர்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கு மடித்த துணி வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனாலோ, ஒன்று முடியுமுன் அடுத்தது வந்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் இரும்போ சாவிக்கொத்தோ கொடுப்பதால் பயனில்லை. பூட்டுக்குப் பேர்போன நம் ஊரில் சாவிக்குப் பஞ்சமில்லை. வலிப்பைத் திறக்கும் சாவி மட்டும் அதில் கிடையாது.

பேச்சும் ஞாபகமும்

பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "என்னை யாருன்னு தெரியுதா?" என்பதுதான். பத்துப் பேர் பத்து முறை இப்படிக் கேட்டால், பதில் வராதவர் கூனிக் குறுகிப்போவார். அதற்குப் பதிலாக, "அண்ணே, நான் உங்க தங்கச்சி. சின்னாளப்பட்டியில இருந்து வந்திருக்கேன்" என்று நீங்களே சொல்லுங்கள். ஞாபகத்தைச் சோதிக்க வேண்டாம்; ஞாபகத்தைக் கொடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒருவர் பேசுங்கள். டிவியை நிறுத்துங்கள். சின்ன வாக்கியமாகச் சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். அடிபட்ட மூளைக்குப் பதில் தேட நேரம் வேண்டும். பேச்சு வராதவர் சைகையிலோ, படத்தைத் தொட்டோ சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். பேச்சு வரவில்லை என்பதற்காக அறிவில்லை என்று நினைத்து, அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசாதீர்கள்.

தினம் கிழிக்கும் காலண்டரை அவர் கண்ணில் படும்படி மாட்டுங்கள். காலையில் அவரையே தாளைக் கிழிக்கச் சொல்லுங்கள். எழுதத் தெரிந்தவர் என்றால் ஒரு நாற்பது பக்க நோட்டில் அன்று நடந்ததை நாலு வரி எழுதட்டும். கண்ணாடி, செருப்பு, மாத்திரை டப்பா இவற்றுக்கு இடம் ஒன்றுதான். நாளுக்கொரு இடம் மாற்றாதீர்கள். குளியல், சாப்பாடு, பயிற்சி, ஓய்வு எல்லாம் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். தலைக்காயம் பட்டவருக்குச் சீக்கிரம் களைப்பு வரும். மதியம் படுப்பதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள்.

கோபம் வரும்போது

காரணத்தைத் தேடுங்கள். மலச்சிக்கல், மூத்திரம் கட்டுவது, தலைவலி, பசி, ஈரத்துணி, வீட்டில் கூச்சல் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். சொல்லத் தெரியாதவர் கத்தித்தான் காட்டுவார். அந்த நேரத்தில் வாதம் செய்யாதீர்கள். குரலைத் தாழ்த்துங்கள். பேச்சை மாற்றுங்கள். அடிக்க வந்தால் விலகி நின்று, ஐந்து நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காதது போல் திரும்பி வாருங்கள். கட்டிப் போடுவதும் அறையில் பூட்டி வைப்பதும் வெறியைக் கூட்டும். கோபம் அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்து உண்டு.

"பேய் புடிச்சிருச்சு, மந்திரிக்கணும்" என்று சிலர் சொல்வார்கள். கோயிலுக்குப் போவதும் திருநீறு பூசுவதும் மனதுக்கு ஆறுதல் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். மாத்திரையை நிறுத்துவது, பட்டினி போடுவது, புகை போடுவது, அடிப்பது மட்டும் கூடவே கூடாது. சாராயமோ பிராந்தியோ ஒரு மடக்குக்கூட வேண்டாம். அது வலிப்பை வரவழைக்கும். அடங்கிய கோபத்தையும் கிளப்பும்.

யார் யார் என்ன செய்வது?

ஓர் உதாரணம் பார்ப்போம். வத்தலக்குண்டு சாலையோரம் ஒரு கிராமம். மில்லில் வேலை பார்த்த மூத்த மகன் அடிபட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மனைவி, தாய், தம்பி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். மூன்று மாதமாக எல்லாம் மனைவிதான். இடுப்பு வலி, தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. செவிலியர் வருகிறார்.

"கட்டிக்கிட்டு வந்தவ பாக்காம வேற யாரும்மா பாப்பா?" என்கிறார் தாய்.

"அவுங்க பாக்குறாங்க பெரியம்மா, யாரு இல்லைன்னது? அவுங்களும் படுத்துட்டா உங்க மகனை யாரு பாப்பாங்க?" என்கிறார் செவிலியர்.

தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மதினி, காலையில அண்ணனைக் குளிப்பாட்டி உக்கார வைக்கிறது இனிமே என் பொறுப்பு" என்கிறார்.

அப்படியே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுகிறார்கள். காலைக் குளியலும் தூக்கி உட்கார வைப்பதும் தம்பி. பத்து மணிக்குக் கஞ்சி கொடுப்பது தாய். மூட்டுப் பயிற்சி காலையில் மனைவி, மாலையில் தம்பி. பள்ளி விட்டு வந்ததும் பிள்ளைகள் அப்பாவிடம் பாடப் புத்தகத்தை உரக்கப் படிப்பது. இராத்திரிப் புரட்டுவது ஒரு நாள் மனைவி, ஒரு நாள் தம்பி. ஞாயிற்றுக்கிழமை உறவில் ஒருவர் வந்து இருக்க, மனைவி தன் தாய் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கி வருவது. இதில் பணச் செலவு ஒன்றுமில்லை. ஒருவருக்கொருவர் வாய்விட்டுக் கேட்டுக்கொள்வதுதான் வேண்டும்.

பிள்ளைகளிடமும் உண்மையைச் சொல்லுங்கள். "அப்பா தலையில அடிபட்டதால கோவம் வருது. உன் மேல தப்பு இல்ல" என்ற ஒரு வார்த்தை போதும். சொல்லாவிட்டால் தன்னால்தான் அப்பா கத்துகிறார் என்று குழந்தை மனதில் வைத்துக்கொள்ளும்.

கவனித்துக்கொள்கிறவருக்குத் தூக்கமின்மை, அழுகை, வாழ்வில் வெறுப்பு என்று இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், அதுவும் வைத்தியம் பார்க்க வேண்டிய நோய்தான். 14416 என்ற இலவச மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கணவன் மனைவிக்கு

தலைக்காயத்திற்குப் பின் சிலருக்கு உறவில் நாட்டமே இருக்காது. சிலர் இடம் பொருள் தெரியாமல் நடந்துகொள்வார்கள். இரண்டும் காயத்தால் வருபவை. துணைவர் விருப்பமில்லாமல் இணங்க வேண்டியதில்லை. வெட்கப்படாமல் மருத்துவரிடமோ செவிலியரிடமோ சொல்லுங்கள்.

அடிபட்டவர் பெண்ணாக இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வலிப்பு மாத்திரைகளில் ஃபெனிடாயின், கார்பமாசெபின் போன்றவை மாலா-என் போன்ற கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். அவர்களுக்குக் காப்பர்-டி ஏற்றது. வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்து வயிற்றில் வளரும் சிசுவைப் பாதிக்கக்கூடும். ஆகவே கர்ப்பம் தரிக்க நினைக்கும் முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்தை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பயந்து போய் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

மறுபடி வேலைக்கு

1954இல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இரண்டு கால்களும் செயலிழந்தார் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். அவர் முயற்சியால் 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் ஒன்று தொடங்கியது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் பட்டது முதுகுத்தண்டுக் காயம். நாம் பேசுவது மூளைக் காயம். ஆனாலும் அந்த வழியில் வந்த பாடம் இரண்டுக்கும் ஒன்றுதான்: போனதை எண்ணிக்கொண்டே இராமல், இருக்கும் சக்தியைக் கொண்டு செய்யக்கூடிய வேலையைத் தேட வேண்டும்.

வீட்டிலேயே தொடங்கலாம். துணி மடிப்பது, நிலக்கடலை உரிப்பது, சின்ன வெங்காயத்தைப் பெரிது சிறிதாகப் பிரிப்பது, பூக் கட்டுவது. இவை கைக்கும் பயிற்சி, கவனத்துக்கும் பயிற்சி. பத்து நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். அவரால் செய்ய முடிந்ததை நீங்கள் பிடுங்கிச் செய்யாதீர்கள். சட்டைப் பொத்தான் போட அவருக்குக் கால் மணி நேரம் ஆனால் ஆகட்டும். அதுதான் வைத்தியம்.

பிறகு கடையில் சாமான் எடுத்துக் கொடுப்பது, ஆடு மாட்டுக்குத் தீனி போடுவது என்று போகலாம். மில்லுக்கோ பட்டறைக்கோ திரும்புவதானால் முதலில் அரை நாள், ஆபத்தில்லாத வேலை என்று கேட்டுப் பாருங்கள். வலிப்பு இருப்பவர் மரம் ஏறுவது, கிணற்றோரம், மோட்டார் அறை, ஓடும் இயந்திரம், தனியாக அடுப்படி இவற்றைத் தவிர்க்க வேண்டும். மருத்துவர் எழுதித் தரும் வரை வண்டி ஓட்டக் கூடாது.

எங்கே உதவி கிடைக்கும்?

திண்டுக்கல் தலைமை மருத்துவமனை இன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் நம்முடையதும் ஒன்று. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள் அந்தச் சீட்டு, ஸ்கேன் படம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவந்து காட்டுங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபி செய்வது ஒரு பகுதி. உங்கள் வீட்டுப் பெயரைப் பதிந்துகொள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்காக 2021 டிசம்பரில் இன்னுயிர் காப்போம் திட்டம் வந்தது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. தலைக்காயத்தால் கை கால் இயக்கம், பேச்சு, பார்வை நிலையாகக் குறைந்துவிட்டால் அரசு மருத்துவரிடம் சான்றும் அடையாள அட்டையும் பெறலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். சக்கர நாற்காலி, உதவித்தொகை பற்றியும் அங்கேயே கேட்கலாம்.

விபத்து இழப்பீட்டுக்கான மனுவை 6 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆகையால் எஃப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்து ரசீது எதையும் தொலைக்காதீர்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம்.

அடிக்கடி கேட்பவை

"நாட்டு மருந்து கொடுக்கலாமா?"
மருத்துவரிடம் சொல்லாமல் எதுவும் சேர்க்காதீர்கள். வலிப்பு மருந்தோடு சேர்ந்து கெடுதல் செய்யக்கூடும்.

"ஒரு வருஷம் ஆச்சு, இனிமே பயிற்சி எதுக்கு?"
பயிற்சியை நிறுத்தினால் வந்த பலமும் போகும். தொடருங்கள்.

"எனக்கே சில நேரம் அவர் மேல வெறுப்பு வருதே?"
களைத்துப் போன எவருக்கும் வரும். அது பாவம் அல்ல. உங்களுக்கு ஓய்வு வேண்டும் என்று உடம்பு சொல்கிறது. வீட்டாரைக் கூப்பிட்டு வேலையைப் பிரித்துக் கொடுங்கள்.

சுவரில் ஒட்டி வைக்க

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108: கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், நிற்காத வலிப்பு, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிதல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, புதிதாகக் கை கால் விழுதல், ஓடு எடுத்த இடம் வழக்கத்துக்கு மாறாகப் புடைத்து இறுகுதல்.

தினமும் செய்ய: பக்கம் மாற்று. மாத்திரை கொடு. மூட்டை அசை. பேரைச் சொல்லிப் பேசு. பொறுத்திரு. முறை வைத்துப் பார்த்துக்கொள்.

சந்தேகம் எதுவானாலும் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். படித்து முடித்ததும் இதை வைத்துக்கொள்ளாமல், இதே பாடு படும் அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள்.